சந்தனம் வைத்த தோட்டாக்கள்

— இது சந்தனம்தானே, அன்ரி?

— அட, நீ தமிழா? இவ்வளவு நேரம் யெல்லோ பேஸ்ட், ரெட் பவுடர்னு இங்கிலீஷ்ல திண்டாடிட்டு இருந்தேனே. கேட்டுட்டு சும்மா நின்னியே.

— சொல்லத்தான் நினைச்சனான். எனக்கு டக்கெண்டு கதை வராது.

— சட்டையிலே வேற ஆர்ட்டின்னு போட்டிருக்கு.

— ஆர்த்திகா. இவையளுக்கு வாயில வராது எண்டு முதலாளி வெட்டிப்போட்டார்.

— என் பேர் சரளா. ஆத்துக்கு அந்தப் பக்கம், தீவுல ரொக்ஸ்பரோவிலேருந்து வர்றேன். பஸ், மெட்ரோ, அந்தப் புது ரயில், அப்புறம் நடை. புரோசார்ட்ல ஒரு துப்பாக்கிக் கடை, அதுல ஒரு தமிழ்ப் பொண்ணு. சரி, அதை விடு. இதுக்கு ஒரு வழி சொல்லு.

— ஒவ்வொரு தோட்டாவிலயும் பொட்டு வச்சிருக்கு.

— நேத்து ஆயுத பூஜை.

— ஓ.

— எல்லாத்துக்கும் வைப்பேன். கார் சாவி, லேப்டாப், மிக்ஸி, பிளட் பிரஷர் மெஷின். இவரோட தோட்டாப் பெட்டி சாப்பாட்டு மேஜை மேலே இருந்தது. வீட்ல இருக்கிற ஒரே நிஜ ஆயுதத்தை விட்டுட்டு மிக்ஸிக்குப் பொட்டு வச்சா சாமி சிரிக்காது? துப்பாக்கி இரும்பு அலமாரியிலே, சாவி அவர்கிட்ட. சரி, இதையாவது வைப்போம்னு தாம்பாளத்துல வரிசையா படுக்க வச்சேன்.

— பெட்டிக்கு மட்டும் வச்சிருக்கலாமே?

— மாப்பிள்ளையை விட்டுட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி இருக்காதா?

— பேந்து?

— பேந்துன்னா?

— பிறகு. பிறகு என்ன நடந்தது?

— பூஜையிலே வச்சதை மறுநாள் காலையிலேதானே எடுக்கணும். இன்னைக்குக் காலையிலே பாத்தா சந்தனம் காஞ்சு பாறையா இருக்கு. ஈரத்துணியால தொடைச்சேன். குங்குமம் கரைஞ்சு பின்பக்கம் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளே இறங்கிடுச்சு. அப்பதான் பயம் வந்தது. வெடிக்குமா?

— சும்மா கிடந்தா ஒண்டும் செய்யாது. ஆனா இதைத் துவக்குக்குள்ள போடக்கூடாது.

— துவக்குன்னா துப்பாக்கி.

— ஓம். அந்த வட்டத்திலதான் ஊசி வந்து அடிக்கும். ஈரம் உள்ளுக்க போயிருந்தா வெடிக்காமலும் விடும். மற்றது, சந்தனம் மண் மாதிரி. குழாய்க்குள்ள இறுகி நிண்டா ஆபத்து.

— அப்ப புதுசு குடு. அச்சு அசலா இதே மாதிரி. பெட்டியிலே உங்க கடைப் பேர் போட்ட ஸ்டிக்கர் இருந்தது, அதை வச்சுத்தான் தேடி வந்தேன். நாளைக்கு விடிஞ்சதும் அவர் கிளம்பறார்.

— உங்களிட்ட லைசென்ஸ் இருக்கோ, அன்ரி?

— அவரோடது இருக்கு. பர்ஸ்லேருந்து எடுத்துட்டு வந்தேன். இதோ. கோவிந்தராஜன். போட்டோ பழசு.

— இது சரிவராது. வாங்கிற ஆளின்ர லைசென்ஸ்தான் வேணும்.

— புருஷன் பொண்டாட்டிக்குள்ளே என்னம்மா.

— சட்டம் அப்பிடி. நான் தந்தா எனக்கு வேலை போயிடும். ஜெயிலும் வரலாம்.

— நீ வாங்கி எனக்குக் குடுத்தா?

— அதுவும் அதே பிழைதான்.

— ம்.

— அவருக்கு உண்மையைச் சொன்னா என்ன? ஏசுவாரோ?

— ஏசினா நல்லா இருக்குமே. பரவாயில்லை சரளான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, பையை அவிழ்த்து வச்சுட்டு, ஜன்னல் பக்கத்து நாற்காலியிலே போய் உக்காந்துடுவார். ரிட்டயர் ஆனதிலேருந்து அந்த நாற்காலிதான். பனி விழுந்தா பனியைப் பாப்பார், விழலைன்னா தெருவைப் பாப்பார். வருஷத்துல இந்த ஒரு வேட்டைக்குத்தான் விசிலடிச்சுக்கிட்டே பை கட்டுவார். அந்த விசிலை நான் கெடுத்துட்டேன்னு ஆயிடக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

— இப்ப எங்க நிக்கிறார்?

— டயர் மாத்தப் போயிருக்கார். தோட்டாவை நான் பைக்குள்ளே எடுத்து வச்சுட்டேன்னு நினைச்சுட்டு இருக்கார். சாயங்காலத்துக்குள்ளே நான் திரும்பணும்.

— கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல எல்லாத்தையும் காய்ஞ்ச துணியால துடைச்சுப் பாப்பம். பிறகு என்ன செய்யலாம் எண்டு யோசிப்பம்.

— கடையிலே வேற யாரும் வரலையே? உன் வேலையைக் கெடுக்கலையே?

— பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் ஆக்கள் வருவினம். சனி ஞாயிறு நிரம்பி வழியும். என்ன மிருகத்துக்கு எடுக்கிறவர்?

— எல்க். பெரிய மான். கொம்பு மட்டுமே என் உயரம் இருக்கும்னு சொல்வார். நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்லை.

— எல்க்குக்கு இது நல்ல தெரிவுதான். நூற்றியெண்பது கிரெயின். கிரெயின் எண்டது எடை. பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைய வரும்.

— கிட்டத்தட்ட ஒண்ணரைப் பவுன்.

— எனக்குப் பவுன் கணக்குத் தெரியாது.

— உங்க அம்மாவைக் கேளு, சொல்லுவாங்க. இதே மாதிரி வேற எதாவது இருக்கா? நாளைக்குக் காலையிலே யாரையாவது லைசென்ஸ் இருக்கிற ஆளைப் பிடிச்சுட்டு வர்றேன்.

— இந்தப் பெட்டி இப்ப வாறதில்லை, அன்ரி. கொம்பனி விட்டிட்டுது. அதே எடையில வேற மூண்டு வகை இருக்கு. பாருங்கோ. இது சாதாரணம். உள்ளுக்க ஈயம், மேல செப்புத் தகடு. விலையும் குறைய. சின்ன மானுக்குக் காணும். எல்க்குக்கு வேணாம்.

— ஏன்?

— எல்க்கின்ர தோள் எலும்பு பெரிசு. அதில பட்டா இது சிதறிடும். உள்ளுக்க போகாது. மிருகம் விழாது, காயத்தோட ஓடும். ஓடிப்போய் எங்கையோ தனிய நிண்டு மெல்ல மெல்லச் சாகும். சுட்ட ஆளுக்குத் தெரியவும் வராது.

— ஐயோ.

— இது இரண்டாவது. இதில ஈயத்தையும் செப்பையும் ஒட்டி வச்சிருக்கு. எலும்பில பட்டாலும் பிரியாது. காளான் மாதிரி விரிஞ்சு, எடை குறையாமல் ஆழமாப் போகும். மிருகம் கனநேரம் கஷ்டப்படாது. இது மூண்டாவது, முழுக்கச் செப்பு. வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா இதைத்தான் வாங்குவினம். இறைச்சிக்குள்ள ஈயம் வராது.

— இறைச்சி எங்க வீட்டுக்குள்ளே வராதும்மா. நான் சைவம். மாமிசம் என் ஃப்ரிட்ஜுக்குள்ளே வரக்கூடாதுன்னு முதல் வருஷமே சொல்லிட்டேன். அவர் பங்கை மார்செலும் கில்பேரும் எடுத்துப்பாங்க.

— அவை ஆர்?

— லேப்ல அவரோட வேலை பாத்தவங்க. இவர் யூனிவர்சிட்டியிலே உலோகம் சொல்லிக் குடுத்தார். அவங்க ரெண்டு பேரும் மெஷின் ஷாப். வந்த புதுசுல எங்களை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. மார்செல்தான் ஒரு நாள், மொஸ்யூ ராஜன், வாங்க வேட்டைக்குப் போகலாம்னார். தயிர்சாதம் சாப்பிடற மனுஷன், போய் கோர்ஸ் படிச்சு, பரீட்சை எழுதி, துப்பாக்கி வாங்கினார். வேட்டைக்காக இல்லை, கூப்பிட்டாங்களேன்னுதான். நிஜமாத்தான் சொல்றேன்.

— விளங்குது.

— நீ என்ன படிச்சே? இவ்வளவு விளக்கமா சொல்றியே.

— பிசிக்ஸ்.

— பிசிக்ஸ் படிச்சுட்டு இங்கே ஏன் நிக்கறே?

— இங்க வாற ஆக்கள் எண்களைத்தான் கேப்பினம். வேகம் எவ்வளவு, எடை எவ்வளவு, இருநூறு மீட்டரில எவ்வளவு கீழ இறங்கும். அது எனக்குச் சுகம். நீ எப்பிடி இருக்கிறாய், ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

— ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை?

— அன்ரி.

— சும்மா கேட்டேன். அம்மாவுக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா?

— அம்மாவுக்கு நான் ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன் எண்டுதான் தெரியும். பார்க் எக்ஸ்டென்ஷன்ல எங்கட வீட்டில துவக்கு எண்ட சொல்லே எடுக்கேலாது. மாமா ரெண்டு பேர் ஊரில சண்டை நேரம் சூடு பட்டுச் செத்தவை. நான் இங்க தோட்டா விக்கிறன் எண்டு அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது.

— ம். கஷ்டம்தான். ஒரு நாள் சொல்லத்தான் வேணும்.

— ஓம். ஒரு நாள். அன்ரி, ஒரு விசயம் கேக்கிறன். எல்க்குக்கு எங்க போறவை?

— முன்னாடியெல்லாம் ஆல்பர்ட்டாவரைக்கும் கார்லயே போவாங்க. மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. இப்போ மூணு பேருக்கும் வயசாச்சில்லே. கோவிட்டுக்கு அப்புறம் இங்கேயே வடக்கே போறாங்க. லா டூக் தாண்டி ஒரு கேபின்.

— லா டூக்குக்கு அங்கால எல்க்கோ?

— ஆமா. ஏன்?

— ஒண்டுமில்லை. இங்க கியூபெக்கில காட்டில எல்க் இல்லை. பண்ணையில வளர்க்கினம். காட்டில இருக்கிறது மூஸ், அது வேற சாதி மான். அவர் மாறிச் சொல்லியிருப்பார்.

— அவரா? அலுமினியத்துல பத்து தினுசு சொல்ற மனுஷன் மிருகத்தை மாத்திச் சொல்லுவாரா? நீதான் எங்கேயோ தப்பாப் படிச்சிருக்கே.

— இருக்கலாம்.

— என்ன, பெட்டியை அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறே?

— இருபதும் இருக்கு.

— எண்ணித்தான் தாம்பாளத்துல வச்சேன். ஏன், குறையணுமா?

— வேட்டைக்கு முதல் எல்லாரும் கடதாசி மட்டையில சுட்டுப் பாப்பினம். குறி சரியோ எண்டு. ஒவ்வொரு வருசமும் நாலைஞ்சு போகும்.

— புதுசு வாங்கிருப்பார்.

— இந்த ஸ்டிக்கர் எங்கட பழைய கடையின்ரது. கோவிட்டுக்கு முதல், இந்தக் கட்டடத்துக்கு வாறதுக்கு முன்னம் ஒட்டினது.

— நீ என்ன சொல்ல வர்றே?

— ஒண்டுமில்லை, அன்ரி. பழைய தோட்டா பழுதாகாது. சிலபேர் பழசைத்தான் நம்புவினம்.

— அதானே. பயமுறுத்தாதே. இந்தா, இதைச் சாப்பிடு. மூஞ்சி வாடிக் கிடக்கு. அவர் பையிலே வைக்கறதுக்காகச் செஞ்சது, வழியிலே பசிக்கும்னு எனக்குக் கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன்.

— தட்டை.

— வேர்க்கடலை கிடையாது. வால்நட் பொடிச்சுப் போட்டிருக்கேன். மார்செலுக்கு வேர்க்கடலை ஆகாது, உதடு வீங்கிடும். ஆனா என் தட்டைன்னா அவருக்கு உயிர். ஒரு டப்பா நிறைய அனுப்புவேன். போன வருஷம் திரும்பி வந்து இவர் சொன்னார், மார்செல் கடைசித் தூளைக்கூட விரல்ல தொட்டுச் சாப்பிட்டாராம். மெர்சி மதாம்னு எனக்கு நன்றி சொல்லச் சொன்னாராம். என்னம்மா, காரமா?

— இல்லை.

— பின்னே ஏன் கடிச்சுட்டு அப்படியே நிக்கறே?

— மார்செல் எண்டா, பெரிய வெள்ளைத் தாடி வச்சவரோ? இடக்கையில ஒரு விரல் இல்லாமல்?

— ஆமா. மெஷின்ல போயிடுச்சு. உனக்குத் தெரியுமா அவரை?

— கடைக்கு வாறவர்.

— பாத்தியா. உலகம் எவ்வளவு சின்னது. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறாங்க.

— அன்ரி, அந்தக் கதிரையில கொஞ்சம் இருங்கோவன்.

— நான் நல்லாத்தானே நிக்கறேன்.

— இருங்கோ. எனக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாது. மார்செல் இல்லை, அன்ரி. மோசம் போயிட்டார்.

— எப்போ?

— கோவிட் முடிஞ்ச கையோட. இருதயம். அவற்ற மனிசி அவற்ற துவக்கை எங்களிட்டத்தான் விக்கக் குடுத்தவ. அந்தச் சுவரில கனநாள் தொங்கினது.

— வேற மார்செலா இருக்கும்.

— இருக்கலாம்.

— ஒரு விரல் இல்லாத மார்செல் ஊர்ல ஒருத்தர்தானா?

— தெரியாது.

— போன வருஷம் தட்டை சாப்பிட்டாரே. மெர்சி மதாம்னாரே. அப்ப என் தட்டையை யார் சாப்பிட்டா?

— நாங்கள்.

— யாரு?

— நாங்கள். இந்தக் கடையில வேலை செய்யிற ஆக்கள். உங்கட அவர் கொண்டுவந்து தாறவர். வால்நட் போட்டது. வாயில வச்ச உடன தெரிஞ்சுது. லைசென்ஸில இருக்கிற படம் இளமை, மீசை வேற. முதல் அடையாளம் பிடிக்கேல்லை.

— இங்கேயா வருவார்? தோட்டா வாங்கவா?

— வாங்கிறேல்லை. வேட்டைக்காலம் ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் வருவார். பத்து மணிக்குக் கடை திறக்க வந்து, நீங்கள் இப்ப இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில நிப்பார். ஆக்கள் வந்து எல்க்குக்கு எது நல்லம், மூஸுக்கு எது நல்லம் எண்டு கேப்பினம். அவர் சொல்லுவார். ஈயம் எப்பிடி உடையும், செப்பு எப்பிடி மடங்கும் எண்டு பேப்பரில கீறிக் காட்டுவார். ப்ரொஃபெஸர் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறவை. நான் உங்களுக்குச் சொன்ன எலும்புக் கதை, காளான் கதை எல்லாம் அவர் சொன்னதுதான்.

— அவர் சொன்னதா.

— ஓம். முதலாளிக்கும் விருப்பம். அவர் நிண்டா வியாபாரம் கூடும்.

— கில்பேர்?

— மகனோட வன்கூவருக்குப் போயிட்டாராம். வருசப் பிறப்புக்குக் கார்டு வரும் எண்டு சொன்னவர்.

— சாயங்காலம் வீட்டுக்கு வர்றதில்லையே. ராத்திரி எங்கே தங்குவார்?

— பாலத்தடியில ஒரு மோட்டல் இருக்கு. அங்க.

— பாலத்துக்கு இந்தப் பக்கமா?

— ஓம்.

— ஆறு தாண்டினா எங்க தீவுதானே. காட்டுல சிக்னல் கிடையாது, ஃபோன் பண்ணாதேன்னுவார். தினமும் ராத்திரி ஒரே ஒரு மெசேஜ் வரும், ஆல் வெல்னு. அதுக்குக் குன்று மேலே ஏறி அனுப்பறேன்னு சொல்லுவார். இருட்டுல ஏறாதீங்க, கால் வழுக்கிடப் போறதுன்னு நான் பதில் போடுவேன்.

— தண்ணி தரட்டோ?

— வேண்டாம். நீ சொல்லு. அந்த ஆளுங்க, கேக்கறவங்க, ஒருத்தராவது கூட வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்களா?

— இல்லை.

— இத்தனை வருஷத்துல?

— தோட்டாவை வாங்கிக்கொண்டு மெர்சி ப்ரொஃபெஸர் எண்டுட்டுப் போயிடுவினம். அவைக்கு அவையின்ர கூட்டம் இருக்கு. வாகனத்தில ஏறிறதைக் கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு நிப்பார். பேந்து திரும்பி வந்து பேப்பரை மடிச்சுப் பொக்கெற்றில வைப்பார்.

— நீ தமிழ்னு அவருக்குத் தெரியுமா?

— சொல்லேல்லை. அவரோட பிரெஞ்சுதான். தமிழ் எண்டா எந்த ஊர், ஆற்ற பிள்ளை, அம்மா எங்க எண்டு கேப்பார் எண்டு பயம். பேந்து எந்தக் கோயில்ல எண்டாலும் அம்மாவைக் கண்டு சொல்லிப்போடுவார். அதால வாயை மூடிக்கொண்டு நிண்டிட்டன். ஒருநாள் ஆக்கள் இல்லாத நேரம், தோட்டா ஒண்டை உள்ளங்கையில உருட்டிக்கொண்டு தனக்குத் தானே கதைச்சவர். தமிழில.

— என்ன சொன்னார்?

— போதும்டா கோவிந்து, எண்டு.

— அவங்க அண்ணா அவரை அப்படித்தான் கூப்பிடுவார். இப்ப அவரை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.

— நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடாதோ தெரியாது.

— நீ சொன்னதுதான் சரி. தட்டையைச் சாப்பிடு. கையிலே வச்சுட்டு அழுதா நமுத்துப் போயிடும்.

— நான் அழேல்லை.

— சரி. நான்தான் அழறேன்னு வச்சுக்கோ.

— இப்ப இந்தத் தோட்டாவை என்ன செய்யிறது, அன்ரி?

— நீயே சொல்லு. யாரையும் சுடப் போறதில்லைன்னா, குங்குமம் உள்ளே போனா என்ன, போகலைன்னா என்ன.

— ஓம். பாக்கிறதுக்குப் புதுசு மாதிரித் துடைச்சுத் தரலாம். ஆனா ஒரு நாளும் துவக்குக்குள்ள போடக்கூடாது. அவர் ஒருவேளை எங்கையாவது போனாலும்.

— போனா நான் சொல்லிடறேன். அப்பவாவது சொல்லித்தானே ஆகணும். நல்லாத் தொடை. அவர் மூக்குக்கு ரொம்ப கூர்மை, சந்தன வாசனை வரக்கூடாது. காலையிலே விசிலடிச்சுக்கிட்டே போகட்டும்.

— அவரிட்ட ஒண்டும் கேக்கமாட்டீங்களோ?

— வீட்ல கேக்க மாட்டேன். வீட்ல கேட்டா அந்த நாற்காலிக்குப் போயிடுவார். அப்புறம் அங்கேருந்து எழுப்பவே முடியாது. பத்து மணிக்குத்தானே இங்கே வருவார்?

— பத்துக்குச் சரியா.

— அதுக்கு முன்னாடி நான் வந்து இந்தக் கவுண்டர்ல நிக்கறேன். கஸ்டமர் மாதிரி. எல்க்குக்கு எந்தத் தோட்டா நல்லதுன்னு அவரையே கேக்கறேன். எனக்கும் கீறிக் காட்டட்டும். கேட்டு முடிச்சதும் கூட வாங்கன்னு நான் கூப்பிடறேன்.

— எங்க?

— எங்கேயாவது. மூஸ் இருக்கிற காட்டுக்கு. மாமிசம் வேண்டாம், சும்மா பாத்துட்டு வரலாம். லா டூக்னு ஒரு ஊர் நிஜமாவே இருக்கா?

— இருக்கு.

— அதுவரைக்கும் பொய் சொல்லலை. நாளைக்கு நீ அவரோட தமிழ்ல பேசணும். உங்க அம்மாவைப் பத்திக் கேட்டா நான் பாத்துக்கறேன். என்ன, சரியா?

— ஓம். ஆனா, அன்ரி, நாளைக்கு எப்பிடி வருவீங்கள்? நீங்கள் ரொறன்ரோவுக்கெல்லே போறீங்கள்?

— யார் சொன்னா?

— அவர்தான். முந்தின வருசம் ஒரு பின்னேரம் நான் கேட்டனான், ப்ரொஃபெஸர், உங்களுக்கு வீடு இல்லையோ, ஏன் மோட்டலில நிக்கிறீங்கள் எண்டு. என்ர மனிசி இந்தக் கிழமை மகள் வீட்டுக்குப் போறவ எண்டு சொன்னார். மகளுக்கும் தனக்கும் சரிவராதாம், தாயைத்தான் கூப்பிடுவாவாம். நான் வீட்டில இருந்தா என்னைத் தனிய விட்டிட்டு அவ போகமாட்டா, நான் வேட்டைக்குப் போனாத்தான் அவ பிள்ளையைப் பாக்கலாம், அதால வெளிக்கிட்டு வாறன் எண்டு சொன்னவர்.

— அதுக்காகவா வர்றார்?

— அப்பிடித்தான் சொன்னவர். ஸ்நேகா எண்டு பேரும் சொன்னவர்.

— ஸ்நேகா என்னையும் கூப்பிடறதை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு, ஆர்த்திகா. நான் தனியா இருப்பேன்னு தெரிஞ்சா அவர் வேட்டைக்குப் போகமாட்டாரேன்னுதான் வருஷா வருஷம் டொராண்டோன்னு சொல்லிட்டு வர்றேன். அவர் கார் தெருவைத் தாண்டினதும் ஊருக்குன்னு கட்டின துணிப்பெட்டியை மறுபடி உள்ளே வச்சுட்டு, பக்கத்து வீட்ல யாராவது பாத்து அவர்கிட்ட சொல்லிடப் போறாங்களேன்னு அந்த வாரம் பூரா வீட்ல ஒரு விளக்குக்கூடப் போடாம உக்காந்திருப்பேன்.